நிறுத்திய இன்ஜினின் சத்தம்

1

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. ஒளிப்பானேன்? என் காரை இரண்டு முறை பிரித்துப்போட்ட மெக்கானிக்கை, நாலு பேர் முன்னால் "ஏமாத்துக்காரன்" என்று திட்டிவிட்டு வந்தவன் நான்தான்.

2

தொடக்கம்: அதிகாலை வெயிலில் பட்டறை மெல்ல... (சே, வேண்டாம். அவர் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.)

இன்ஜின் ஓடும்போது நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார் மெக்கானிக். கோளாறு எங்கே என்று புட்டுப்புட்டு வைப்பார். அன்று என் காரில் வைத்துக் கேட்டபோது உஸ்... உஸ்... என்று ஒரு சத்தம். பிரித்தார், ஒன்றுமில்லை. பூட்டினார், அதே சத்தம். மறுபடி பிரித்துப் பூட்டினார். நான் கத்திவிட்டுப் போனேன்.

ஆத்திரத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். உஸ்... உஸ்... அதை வீசி எறிந்தார். உஸ்... உஸ்...

3

சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம், "என் காதுக்குப் பின்னால காது வச்சுக் கேளு" என்றார்.

"பட்டப்பகல்ல என்ன விளையாட்டு இது?"

"கேளு, சொல்றேன்ல!"

சிரித்துக்கொண்டே காதை வைத்தவர் வெடுக்கென்று தலையை எடுத்தார். "ஐயையோ! எனக்கும் கேக்குதுங்க!"

(மூளையைச் சுற்றியுள்ள உறையில், அழுத்தத்தோடு வரும் தமனி நேராகச் சிரையோடு சேர்ந்துவிட்டால், நாடி துடிக்கும்போதெல்லாம் இப்படிக் கேட்கலாமாம். சிரை தாங்காமல் வெடித்தால்... இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.)

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். "பிரஷர் லைனை ரிட்டர்ன் லைன்ல நேரா மாட்டின மாதிரி. அப்படித்தானே?" என்றார் மெக்கானிக்.

"அதேதான். தொடை ரத்தக்குழாய் வழியா மெல்லிய குழாய் விட்டு அந்த இணைப்பை அடைக்கலாம். ஆனா பேச்சு போகலாம், கைகால் விழலாம். உயிருக்கும் ஆபத்து உண்டு."

"பிரிக்காமலேயே சரி பண்றீங்க. நான் ரெண்டு தடவை பிரிச்சேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

4

மறுநாள் காரை எடுக்கப் போனபோதுதான் பட்டறை ஆட்கள் நடந்ததைச் சொன்னார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் என்னைப் பார்த்துவிட்டார். "சார், உங்க வண்டியில ஒண்ணுமில்ல. தைரியமா ஓட்டுங்க."

மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. திட்டுவதற்கு மட்டும் எப்படி வந்ததோ!

முடிவு ஒன்று: சத்தம் நின்றது. (என் ஆசை.)

முடிவு இரண்டு: (எழுதினேன். கிழித்துவிட்டேன்.)

இதோ, அவர் மனைவிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். திட்டியவன் நான்தான் என்று அந்த அம்மாவுக்கு இன்னும் தெரியாது. கதவு திறக்கிறது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதில் நான் சொல்லப்போகிற ஒரு வார்த்தை மட்டும் அந்த மெக்கானிக்கின் காதில் விழட்டும்.