மத்தியானக் காட்சி

கிருபாவதிக்கு நாற்பத்தொரு வயது. தேனியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. கணவர் ஞானசிகாமணி போடி பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். சாயங்காலம் போடி பஸ்ஸில் அவளுக்கு இடம் போட்டு வைப்பவன் கர்ணன். சர்வேயர், அவனும் குடும்பஸ்தன். எட்டு மாதமாக வெறும் பேச்சுதான், விரல்கூடப் பட்டதில்லை. அதைச் சொல்லியே அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று தேனியில் மறுபடி வந்திருந்தது. கல்யாணமான இருவர் ஆசைப்பட்டு, எல்லை மீறாமலே பிரிந்துபோகிற கதை. சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்குக் கர்ணன் கூப்பிட்டான். வருகிறேன் என்றுவிட்டாள்.

மறுநாள் சாப்பிடும்போது ஞானசிகாமணியும் அதே படத்தைப் பற்றித்தான் பேச்செடுத்தார். கல்யாணமான புதிதில் இருவரும் டிவியில் பார்த்தது. சனிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் போவோமா என்று கேட்டார். பண்டிகை நாள் தவிர அவர் கடையைச் சாத்தியதே கிடையாது. லேபில் வேலை இருக்கிறது என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவர் வற்புறுத்தவில்லை.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு கர்ணனோடு போனாள். திரையில் அந்தப் பெண் அழுதபோது இவளும் அழுதாள். தானும் அவளைப் போலத்தான் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இடைவேளை விளக்குப் போட்டார்கள். மூன்று வரிசை முன்னால் ஞானசிகாமணி எழுந்து திரும்பினார். அவளைப் பார்த்தார், பக்கத்திலிருந்தவனைப் பார்த்தார். யாரையும் தெரியாதவர்போல வெளியே போனார். திரும்பி வரவில்லை.

போனது தன் கணவர் என்று சொன்னதும், "என்னயப் பாத்தாகளா?" என்றுதான் கர்ணன் முதலில் கேட்டான். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

போடிக்கு பஸ் ஏறி நேராகக் கடைக்குப் போனாள். வாடிக்கையாளர் ஒருவருக்கு அவர் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தார்.

"லேப் வேலை முடிஞ்சுச்சா?"

"முடிஞ்சுச்சு" என்றாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. வாடிக்கையாளர் முன்னால் அவள் மானத்தைக் காப்பாற்றத்தான் அவர் கேட்டார் என்பது புரிந்ததும் அவளுக்கு உடம்பு கூசியது.

வாடிக்கையாளர் போனபின் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கை துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு டிக்கெட் எடுத்துட்டு உன்னயக் கூட்டிட்டுப் போக லேபுக்கு வந்தேன். லீவுன்னு சொன்னாக. வீட்டுக்குப் போக மனசில்லாம தியேட்டருக்குள்ள போயி உக்காந்தேன்."

"தப்பா ஒண்ணும் நடக்கலைங்க. தொட்டதுகூட இல்ல."

"அத நான் கேக்கல கிருபா. எங்கிட்ட வேலைன்னு சொன்னியே."

திங்கட்கிழமை முதல் அவள் காலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டாள். கர்ணனை அதன்பின் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் திருவிருந்து. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து அப்பமும் திராட்சை ரசமும் வாங்க முன்னால் போனார்கள். மனசில் குற்றத்தோடு அதை வாங்கக் கிருபாவதிக்குத் துணிவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்ற ஞானசிகாமணி அவளைப் பார்த்துவிட்டு, தனியே விட்டுப் போகாமல் திரும்ப உட்கார்ந்தார். இத்தனை வருசத்தில் அவர் திருவிருந்தைத் தவறவிட்டதில்லை. சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீங்களாவது போங்க என்று சொல்ல நினைத்தாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.