சர்தார் அறுத்த சரிவு

1974ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், அரவேணுவுக்குக் கீழே இருந்த ஒரு தேயிலைச் சரிவு, குன்னூர்ப் பட்டறையில் சர்தார் இலவம் பலகை மேல் அறுத்த வளைவின்படியே அறுந்து விழுந்தது. பலகையில் நாலு அங்குலம். மலையில் அரை மைலுக்கு மேல்.

பள்ளிக்கூடங்களுக்கும் பட்டாளப் பயிற்சிக்கும் எஸ்டேட் ஆபீஸ்களுக்கும் மலைகளின் சின்ன மாதிரிகளைச் செய்து கொடுப்பது சர்தாரின் தொழில். வரைபடத்தில் ஒரே உயரத்தைக் காட்டும் கோட்டைப் பலகையில் பென்சிலால் படியெடுத்து, நூல் மாதிரி மெல்லிய ரம்பத்தை அதன் மேல் ஓட்டுவார். அப்படி அறுத்த பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினால் மலை எழுந்து நிற்கும். மென்மரத்தில் அவசரம் காட்டினால் நார் பிய்ந்து ஓரம் சிலும்பிவிடும். அதனால் ரம்பத்தை நேராக வைத்துக்கொண்டு பலகையைத்தான் மெல்லத் திருப்ப வேண்டும். இருபது வருஷமாக அவர் அறுத்த ஓரம் எதற்கும் உப்புத்தாள் தேவைப்பட்டதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு சோலூர் மலையை அறுத்தபோது முதன்முறையாக ரம்பம் கோட்டை விட்டு நகக்கண் அளவு உள்ளே போனது. மூன்றாம் நாள் சோலூரில் ஒரு கேரட் தோட்டம் அதே வடிவத்தில் உள்வாங்கியது. ஓர் எருமையும் ஒரு பம்ப்செட்டும் போயின. அடுத்த வருஷம் வேறொரு மலையில் ரம்பம் விலகியதும் சர்தார் பயந்துபோய்ப் பலகையை அடுப்பில் போட்டார். கொட்டுகிற மழையில் அந்தச் சரிவின் புல் பற்றி எரிந்தது. கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றபடி ஊர்க்காரர்கள் தீயை அணைத்தார்கள். அதன்பின் ஆறு மாதம் அவர் ரம்பத்தைத் தொடவில்லை. அந்த ஆறு மாதமும் எந்த மலையும் விழாதது அவரை இன்னும் பயமுறுத்தியது. ஆனால் அவருக்கு வேறு வேலை தெரியாது.

அரவேணு எஸ்டேட்டின் மாதிரிக்கு எட்டாவது பலகையை அறுத்துக்கொண்டிருந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணிக்கு ரம்பம் விலகியது. சர்தார் பாதியில் பிடித்து நிறுத்தி வரைபடத்தைப் பார்த்தார். ரம்பம் போகும் வழியில் தொழிலாளர் குடியிருக்கும் பதினெட்டு வீட்டு லயம் இருந்தது. ரம்பத்தை உருவப் பார்த்தார், வரவில்லை. கயிற்றில் கட்டிய கன்று மாதிரி அது முன்னால் இழுத்தது. பலகையை இடப்பக்கம் திருப்பினால் அரவேணுக் கடைகள், வலப்பக்கம் திருப்பினால் பள்ளிக்கூடம். இரண்டிலும் அந்நேரம் ஆட்கள் இருந்தார்கள். இரண்டு கையாலும் ரம்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மனைவி ஆரிஃபாவைக் கூப்பிட்டார்.

"அரவேணு போ. லயத்துல இருக்கறவங்களை வெளிய வரச் சொல்லு."

"நாஞ் சொன்னா யாருங்க கேப்பாங்க?"

"கேட்டாலும் கேக்காட்டியும் சொல்லு. எம்பட கை ரொம்ப நேரம் தாங்காது."

ஆரிஃபா பஸ் பிடித்து லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. ஐந்து வருஷத்துக்கு முன்பு சிலோனிலிருந்து வந்து குடியேறிய இசக்கியம்மா அப்போது தன் வீட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தாள். வாசலிலிருந்து அடுப்பு வரை பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தது. இந்த முறை மலை மூன்று நாள் காத்திருக்கவில்லை. ஆரிஃபா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த ரம்பம் இப்ப எங்கன நிக்குது?" என்றாள்.

"ஓடைக்கு இந்தப் பக்கமுங்க."

"அப்ப எங்க வீட்டுக் காம்பராதான்."

தொழிலாளர்கள் துரை என்று அழைக்கும் எஸ்டேட் மேனேஜர் குடையோடு வந்து, மரப்பலகையை நம்பி எஸ்டேட்டைக் காலி செய்ய முடியாது என்றார். வெளியே போகிறவர்கள் பெயர் நாளைக்குச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் இருக்காது என்றும் சொன்னார்.

"பேரு போனா போவட்டும் தொரை," என்றாள் இசக்கியம்மா. "சிலோன்லயும் எங்க பேர வெட்டித்தான் அனுப்புனாங்க. ஆளு இருந்தா பேர மறுபடி எழுதிக்கலாம்."

லயம் காலியாக இரண்டரை மணி நேரம் ஆனது. படுத்த படுக்கையாகக் கிடந்த மூக்கம்மாவை நாற்காலியில் கட்டித் தூக்கி வந்தார்கள். குன்னூரில் சர்தாரின் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. ஒருமுறை இருமினார். அதே நிமிஷம் லயத்தின் பின்சுவர் ஒரு முழம் பிளந்ததாகப் பிறகு நேரத்தை ஒத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அதற்குமேல் அவர் மூச்சைக்கூட எண்ணி விட்டார். நாலு மணிக்கு அரவேணுத் தபாலாபீசிலிருந்து பட்டறைக்கு எதிர்க்கடைக்குப் போன் வந்தது. கடைக்காரர் வாசலிலிருந்தே கத்தினார்.

"பாய், எல்லாரும் வெளிய வந்துட்டாங்களாம்!"

"தலை எண்ணுனாங்களான்னு கேளுங்க."

கடைக்காரர் போய்க் கேட்டுவிட்டு வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது. "ஒருத்தர் குறையுதுங்க. அந்த மேனேஜருங்க."

பிளவு உண்மைதானா என்று பார்க்க மேனேஜர் தனியாக லயத்துக்குள் போயிருந்தார். கோடு அவர் இரண்டு காலுக்கும் நடுவே ஓடியதும் நகர முடியாமல் அங்கேயே நின்றுவிட்டார். யாரும் உள்ளே போகத் துணியவில்லை. இசக்கியம்மா போய், அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தாள். அந்தப் பத்து நிமிஷமும் சர்தார் இமைக்கவில்லை. அடுத்த போன் வந்ததும் பலகையை மெல்லத் திருப்பி, மிச்ச வளைவை ஒரே மூச்சில் அறுத்து முடித்தார். துண்டு கீழே விழுந்த சத்தம் ஒரு சீப்பு விழும் சத்தம் அளவுக்குத்தான் இருந்தது. அரவேணுவில் பதினெட்டு வீடுகளும் ஆயிரக்கணக்கான தேயிலைச் செடிகளும் ஒரு மாரியம்மன் கோயிலும் பள்ளத்துக்குப் போயின. விழுந்த ஓரம் வழித்தெடுத்த மாதிரி சுத்தமாக இருந்தது. யாரும் சாகவில்லை. மறுநாள் மேனேஜர் தன் கையாலேயே எல்லாப் பெயர்களையும் செக்ரோலில் எழுதினார்.

சர்தார் தொழிலை விடுவதென்று முடிவு செய்தார். அது தெரிந்து இசக்கியம்மா பட்டறைக்கு வந்தாள்.

"நீங்க அறுக்காட்டியும் மலை விழும் பாய். அப்ப எங்களுக்கு யாரு சொல்லுவா?"

அது உண்மையா என்று சர்தாருக்குத் தெரியாது. இசக்கியம்மாவுக்கும் தெரியாது. சர்தார் எழுந்து ரம்பத்துக்கு மெழுகு தடவினார்.

அடுத்த வருஷம் மழைக்காலம் தொடங்கியபோது கோத்தகிரி பஸ் பட்டறை வாசலில் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "பாய், மேல் ரோடு எந்தக் கிழமைங்க விழும்?" என்றார்.

"வெள்ளிக்கிழமை. மத்தியானத்துக்கு மேல."

கண்டக்டர் அதைக் குறித்துக்கொண்டு, வண்டி எடுக்க இரண்டு விசில் கொடுத்தார்.