பழைய எண் 14, புதிய எண் 27

எதிர்வீட்டு தௌபீக் மாடிக்கு ஏறித் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"அக்கா, தொட்டியில தண்ணி இல்ல. அடியில ரெண்டு வாளி தேறும். அதுவும் கலங்கலா கெடக்கு."

கீழே கூடத்தில், தெருப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த சபிஹா தலையை நிமிர்த்தவில்லை. தொட்டியில் தண்ணீர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். விடிகாலையில் அதைக் காலி செய்தவளே அவள்தான்.

அவளுடைய மாமனார் மீரா உசேன் காலை ஐந்தே முக்காலுக்கு மௌத்தாகியிருந்தார். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதற்குள் மய்யித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்ற வேண்டும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு குடமாவது வேண்டும். குழாயில் தண்ணீர் நாளைக்குத்தான் வரும். பள்ளிவாசல் போர்வெல் ஒரு வாரமாகக் காற்றைத்தான் இறைக்கிறது. தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்வதை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வரச் சொல்லி மோதினார் மைக்கில் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். லாரித் தண்ணீருக்குச் சொன்னால் சாயங்காலம் ஆகும் என்றார்கள்.

"எப்படிம்மா இல்லாமப் போகும்?" என்றார் மெஹராஜ் பேகம். இறந்தவரின் தங்கை. "நேத்துதானே கொழாயில வந்துச்சு. எங்க அண்ணன் அளந்து அளந்துல்ல செலவு பண்ணும்."

சபிஹா முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். துக்க வீட்டில் மருமகளுக்கு அப்படி ஒரு வசதி உண்டு. பேசாமல் இருந்தால் அழுகிறாள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மீரா உசேன் அளந்து செலவழித்தார் என்பது ரொம்பவும் குறைத்துச் சொன்னது. வெண்ணாற்றுக் கிளை வாய்க்கால் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் ஷட்டர் திறந்து மூடும் வேலை பார்த்த மனிதர். முறை வைத்துத் தண்ணீர் விடும் வருஷங்களில் மண்வெட்டியும் கையுமாகச் சண்டைக்கு வந்தவர்களிடம், "உங்க முறை வரட்டும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். சொந்த மச்சான் வயல் வாடிக் கிடந்தபோதும் அதையேதான் சொன்னார். அந்த மச்சான் இரண்டு பெருநாளைக்கு இந்த வீட்டுப் படியேறவில்லை.

ஆற்றில் தண்ணீர் வராத இந்த வருஷம், சித்திரை பிறந்ததும் நகராட்சி தெருமுனைக் கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டியது. செடி கொடிக்கு ஹோஸ் போடக்கூடாது, வாளியில்தான் ஊற்ற வேண்டும். கதவு எண் ஒற்றைப்படை என்றால் ஒற்றைப்படைத் தேதி, இரட்டைப்படை என்றால் இரட்டைப்படைத் தேதி. தெருவே சிரித்தது. எந்த வீட்டுக்கு ஒரே ஒரு எண் இருக்கிறது?

"உங்களுக்குப் பழசு பதினாலு, புதுசு இருபத்தேழு. தெனமும் உங்க நாள்தான் மாமா," என்று தௌபீக் கிண்டல் செய்தான். கிண்டல் என்ன, தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். மறுநாள் காலை மீரா உசேன் சுண்ணாம்புக் கிண்ணத்தோடு வாசலில் நின்று, பழைய எண்ணின் மேல் இரண்டு கோட்டிங் அடித்தார். அதன் பிறகு அந்த வீட்டுக்கு ஒரே எண்தான்.

வாசலில் இருந்தது முக்கால் சென்ட் கொரியன் புல். அவர் மகன், சபிஹாவின் கணவன் ஆஸிம் போட்டது. அவனுக்குத் துபாயில் யாரோ அரபிகளின் பங்களாக்களில் புல்லுக்குத் தண்ணீர் விட்டு வெட்டிச் சீராக்கும் வேலை. ஒன்பது வருஷம் அடுத்தவன் புல்லைப் பார்த்தவனுக்குத் தன் வீட்டு வாசலில் நாலடி பச்சை வேண்டும் என்று ஆசை வந்ததில் என்ன தப்பு? தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டு, முதலில் தன் அத்தாவைப் பார்ப்பான், பிறகு, "புல்லக் காட்டு சபிஹா" என்பான். நோட்டீஸ் ஒட்டிய பத்தாவது நாள் ஓரம் பழுத்ததைப் பார்த்தான். வெறுமனே, "சரி, வெயிலு" என்றான். அந்தக் குரலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து மாமனார் விடிகாலை சுபுஹு தொழுகைக்குப் போனதும் அவள் ஹோஸைப் போட ஆரம்பித்தாள். ஒற்றை, இரட்டை ஒன்றும் பார்க்கவில்லை. கால் மணி நேரம். அவர் வருவதற்குள் ஹோஸைச் சுருட்டிப் பின்கட்டில் வைத்துவிடுவாள். புல் தேறியது. அது தன்னுடைய வாளியால் தேறியது என்று மீரா உசேன் நம்பினார். ஒற்றைப்படைத் தேதியில் இரண்டு வாளி, எழுபத்தொரு வயதில் மூச்சு வாங்கத் தூக்கி வந்து, சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றுவார். போகிறவர் வருகிறவரை நிறுத்திக் காட்டுவார். "கட்டுப்பாடா இருந்தா காயாது. பாத்துக்கங்க."

அந்தத் தைரியத்தில்தான் பக்கத்து வீட்டுக் காளியம்மாளிடம் போய் நின்றார். அவளுடையது இருபத்தெட்டு. ஒரு ஒற்றைப்படைத் தேதியில் மல்லிகைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஏழு செடி, பூக்கட்டி விற்றுத்தான் அவள் பிழைப்பு. "குடிக்கத் தண்ணி இல்லாத ஊருல இப்படிச் செய்யலாமா? எங்க வாசல வந்து பாரு, நான் ஒழுங்கா இல்ல?" என்று தெரு கேட்கக் கேட்டார். காளியம்மாள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். இருபது நாளில் ஏழு செடியில் ஐந்து போய்விட்டது. சபிஹா அதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பார்த்துக்கொண்டே ஹோஸும் போட்டாள்.

இன்று காலை அவர் சீக்கிரம் திரும்பிவிட்டார். நெஞ்சு ஒரு மாதிரி இருந்ததோ என்னவோ, பாதையைச் சுற்றாமல், என்றைக்கும் மிதிக்காத புல்லின் மேல் வெறுங்காலோடு நடந்து வந்தார். நடுவில் நின்று குனிந்து பாதத்தைப் பார்த்தார். சபிஹா அப்போதுதான் ஹோஸைச் சுருட்டி முடித்திருந்தாள்.

"ஈரமா இருக்கே. தேதி என்னம்மா?"

"பதினேழு மாமா," என்றாள். வாயில் வந்துவிட்டது. "நம்ம நாள்தானே. நீங்க அலைய வேணாம்னு நானே ரெண்டு வாளி ஊத்திட்டேன்."

கூடத்துச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. தொழுகைக்குக் கிளம்பும்போது அவர் கையாலேயே கிழித்தது. பதினெட்டு என்று தட்டு அளவுக்கு எழுத்து. அவர் படியேறி வந்து அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அப்படியா," என்றார். "அப்ப நான்தான் ஒரு தாளு சேத்துக் கிழிச்சிட்டேன் போலருக்கு."

நாற்காலியில் உட்கார்ந்து டீ கேட்டார். அவள் போட்டு எடுத்து வந்தபோது தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போது பார்த்தாள். உள்ளங்காலில் இரண்டு மூன்று புல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆஸிமுக்கு நாளைக்குத்தான் பிளைட்டாம். வச்சிருக்க வேணாம், எடுத்துடுங்கன்னுட்டான்," என்று யாரோ சொன்னார்கள். மெஹராஜ் பேகம் மூக்கைச் சிந்திக்கொண்டு, வழக்கப்படி கூடத்துப் பெண்களிடம் கேட்டார்: "எங்க அண்ணன் உங்கள்ல யாரையாவது ஒரு சொல்லு சொல்லியிருந்தா, மனசு நோகும்படி நடந்திருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்கங்க."

"பொறுத்துக்கிட்டோம்" என்று முணுமுணுப்பு எழுந்தது. சபிஹா வாசற்படியைப் பார்த்தாள். காளியம்மாள் இல்லை. எப்படி வருவாள்?

அப்போது பின்கட்டில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது. எழுந்து போனாள். காளியம்மாள்தான். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒன்று. ஏற்கெனவே நான்கு வைத்திருந்தாள்.

"தௌபீக்கு மாடியிலேருந்து கத்துனது கேட்டுச்சு. இன்னும் ரெண்டு இருக்கு, எடுத்துட்டு வந்துடுறேன். மத்த வீட்டுலயும் சொல்லியிருக்கேன்."

"அக்கா..." சபிஹா படியிறங்கி வந்தாள். "மாமா அன்னைக்கு உங்களப் பேசுனத மனசுல வச்சுக்காதீங்க."

"அட, விடு. ராவுத்தரு ஊருக்குப் பொதுவாத்தானே பேசுனாரு."

"இல்லக்கா. கேளுங்க. எங்க புல்லு அவரு வாளியில நிக்கல. நான் தெனமும் ஹோஸ் போட்டேன். உங்க செடி காஞ்சப்பவும் போட்டேன். உங்களுக்குப் பேச்சு வாங்கிக் குடுத்தது நான்தான்."

காளியம்மாள் குடத்தை இறக்கி வைத்து, முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"தெரியும்," என்றாள். "எங்க அடுப்படி சன்னலுக்கு நேராதானே உங்க கொழா. தெனம் காலைல சத்தம் கேக்கும்."

"ஏங்கா சொல்லல?"

"சொல்லணும்னுதான் ஒரு நாளு வேகமா வந்தேன். அவரு வாளியத் தூக்க முடியாமத் தூக்கிட்டு வந்து, சொம்புல ஊத்திட்டு நின்னாரு. 'பாத்தியா காளியம்மா, ரெண்டே வாளி, எப்படி நிக்குது பாரு'ன்னாரு. சின்னப் புள்ள மாதிரி. அதுக்கப்புறம் என்னத்தச் சொல்றது?"

சபிஹா குடங்களை வரிசையாக நகர்த்தி வைத்தாள். "இன்னைக்குக் காலையில அவருக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா."

"என்ன சொன்னாரு?"

"காலண்டரத் தப்பாக் கிழிச்சுட்டேன்னாரு."

காளியம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு மீதிக் குடங்களை எடுக்கப் போனாள்.

பதினோரு மணிக்குள் பதினான்கு குடம் சேர்ந்துவிட்டது. வாசலில் தார்ப்பாயைக் கட்டி மறைத்து, பெஞ்சு போட்டார்கள். ஆண்கள் உள்ளே வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூடத்துக் கதவை ஒருக்களித்துவிட்டு சபிஹா அதன் பின்னால் நின்றாள். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் தாழ்ந்த குரல் கேட்டது.

தௌபீக் கதவருகே வந்து, முகத்தைத் திருப்பி நின்று கேட்டான்.

"அக்கா, ஆரம்பிக்கப் போறோம். ஊத்துற தண்ணிய அப்படியே புல்லுப் பக்கம் ஓட விட்டுடவா? அந்தத் தண்ணி மிதிபடக் கூடாதுல்ல, அங்க யாரு காலும் படாது. மாமா பாத்துப் பாத்து வளத்த புல்லு. ரெண்டு நாளைக்குத் தாங்கும்."

ஆஸிம் நாளைக்கு வந்து இறங்கும்போது வாசல் பச்சையாக இருக்கும். சபிஹா அதை நினைத்துப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் காலண்டர் காற்றில் படபடத்தது.

"வேணாம் தௌபீக்," என்றாள். "இன்னைக்குப் பதினெட்டு."

அவன் திரும்பிக் கதவைப் பார்த்தான்.

"நம்ம நாளில்ல," என்றாள்.

தௌபீக் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் போனான். பிறகு சுற்றுச்சுவர் ஓரமாக, புல் இல்லாத இடத்தில், அந்தத் தண்ணீர் இறங்கும் குழிக்கு மண்வெட்டி போடும் சத்தம் கேட்டது.