சுமத்ராக் காற்று

மங்களம் ஏழாவது ரப்பர் மரத்தைச் சீவிக்கொண்டிருந்தபோது, அதுவரை காதைச் சுற்றிக்கொண்டிருந்த கொசுக்கள் சட்டென்று காணாமல் போயின. அடுத்த நிமிடம் மேற்கிலிருந்து ஈரக் குளிர்காற்று அடித்தது. பத்தொன்பது வருடமாகப் பால் மரம் வெட்டுகிறவளுக்கு அது என்னவென்று தெரியும். விடியற்காலையில் கடல் தாண்டிப் புயலாக வரும் சுமத்ராக் காற்று. மழை கொட்டினால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் தங்காது. ஆனால் அவள் நினைத்தது பாலை அல்ல. மகள் தவமணிக்கு அன்று மூன்றாம் படிவ எஸ்.ஆர்.பி. அரசுப் பரீட்சை. பள்ளிக்கூடம் பேராக் ஆற்றுக்கு அந்தப் பக்கம், தெலுக் இந்தானில். பிந்திப் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், முதல் சம்பான் படகிலேயே போ என்று இருட்டோடு விரட்டி அனுப்பியவள் இவள்தான். அந்நேரம் சம்பான் நடு ஆற்றில் இருக்கும்.

உளியைப் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தாள். கொட்டத் தொடங்கிய மழையில், கிளைகள் முறிந்து விழுந்த செம்மண் பாதையில் இரண்டு இடத்தில் விழுந்து எழுந்தாள். ஆற்றங்கரை ஜெட்டியில், சம்பான் கட்டும் கம்பத்தில் அறுந்த கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில், கரையோரப் புதரில், சம்பான் கவிழ்ந்து கிடந்தது.

முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டவளைத் தேநீர்க்கடை ஷரபுதீன் ஓடிவந்து பிடித்து இழுத்தார்.

"எறங்காதம்மா. புள்ள கடைக்குள்ள இருக்கு. யாருமே ஏறல லா."

தவமணி நனைந்த தலையோடு பெஞ்சில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பென்சில் போட்ட பிளாஸ்டிக் பை. படகோட்டி பிச்சைமுத்துதான் நடந்ததைச் சொன்னார். தலைக்கு மேலே நட்சத்திரம், மேற்கே ஒன்றுகூட இல்லை, மேகம் மறைத்திருக்கிறது, போக வேண்டாம் என்றாளாம். முப்பது வருடமாகத் துடுப்புப் போடுகிறவனுக்கே புத்தி சொல்கிறாயா என்று திட்டினாராம். அவள் சம்பானைக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பத்தே நிமிடத்தில் காற்று வந்து கயிற்றை அறுத்துச் சம்பானை இழுத்துக்கொண்டு போயிற்று.

"ஒனக்கு எப்படிடி தெரிஞ்சுச்சு?"

"ராத்திரில தரை ஆறிப்போயிரும்மா, கடல் தண்ணி ஆறாது. அந்தச் சூட்டுல மேகம் கட்டி, விடியக்காலைல கரைக்கு வந்துரும். டீச்சர் சொல்லிருக்காங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீ கோவிச்சுக்குவியோன்னு பயந்துகிட்டேதான் நின்னேன்."

மங்களம் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பிழிந்து மகளின் தலையைத் துவட்டினாள். ரப்பர்ப் பால் நாற்றம் அடிக்கும் துணி. என்றைக்கும் முகம் சுளிக்கிற பெண், இன்று சும்மா இருந்தாள்.

மழை வந்த வேகத்திலேயே நின்றது. ஷரபுதீன் மீன்பிடிக்கிற மலாய்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, மோட்டார்ப் படகில் ஏற்றிவிடச் சொன்னார். மணி ஏழரைகூட ஆகவில்லை; பரீட்சைக்கு இன்னும் நேரம் இருந்தது.

மங்களம் ஜெட்டியிலேயே நின்றாள். வெயில் பட்டதும் ஆற்றின் மேல் ஆவி எழும்பத் தொடங்கியது. படகு அதற்குள் புகுந்ததும் தவமணி இடுப்பளவு மறைந்தாள்; பிறகு அவளுடைய இரண்டு கைகளும், நனையாமல் உயரத் தூக்கிப் பிடித்த அந்தப் பையும் மட்டும் தெரிந்தன.