சம்பங்கி மாலைக்குள் ஒரு காது

என் மனைவியின் குரல் அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரிங்கிட். சுபாங் ஜெயா கடைக்காரன் எழுநூற்றைம்பது என்றுதான் ஆரம்பித்தான். நான் பாதி வழி படியிறங்கிப் போன பிறகு கூப்பிட்டுக் கொடுத்தான்.

போன வருடம் வள்ளியம்மாவுக்குத் தொண்டையில் ஆப்பரேஷன். கட்டி போனது, கூடவே குரலும் போனது. இப்போது அவள் வாயிலிருந்து வருவது காற்று மட்டும். எனக்கோ இடது காது எப்போதோ கடையைச் சாத்திவிட்டது. வலது காது அரை நாள் வேலைதான் பார்க்கிறது. சத்தமாகப் பேரம் பேசும் வாடிக்கையாளரின் குரல் கேட்கும், பக்கத்தில் உட்கார்ந்து மல்லிகை தொடுக்கும் மனைவியின் பேச்சு கேட்காது. காது டாக்டர் சொன்ன மிஷின் எட்டாயிரம். என் மகன் யுகேந்திரன்தான் வேறு வழி கண்டுபிடித்தான். ஒயர் இல்லாத ஹெட்போன், வெள்ளை நிறம், சம்பங்கி மொட்டு அளவு. பக்கத்தில் எழும் சத்தத்தைப் பெருக்கிக் காதுக்குள் விடுமாம். வலது மொட்டை மாட்டினேன். ஐந்து மாதம் கழித்து வள்ளியம்மாவின் பேச்சைக் கேட்டேன். "சட்டையில டீ கொட்டியிருக்கு," என்றாள்.

இடது மொட்டு எனக்குப் பிரயோஜனமில்லை. ஒற்றையாக விற்க மாட்டேன் என்று கடைக்காரன் சொல்லிவிட்டான்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பூக்கடை. அன்று காலை சிந்துஜா வந்தாள். அவளுடைய அப்பா யோகநாதன் ஐயா முதல் நாள் இரவு காலமாகியிருந்தார். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் வெள்ளிக்கிழமை வாடிக்கை. ஐம்பது சென் சில்லறைக்காகக் கால் மணி நேரம் நின்று பேசுவார்.

சம்பங்கியில் ரோஜா வைத்து ஆள் உயர மாலை. இருநூறு என்றேன்.

"அங்கிள், அப்பா இருந்தா நூத்தம்பதுக்கு முடிச்சிருப்பார்."

எழவு வீட்டு மாலைக்கு யாரும் பேரம் பேசுவதில்லை. பூக்காரர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம் அது. மகளுக்கு மட்டும் தெரியவில்லை. நூற்றெண்பதுக்கு இறங்கினேன், அதற்குக் கீழே இல்லை. மாலையைத் தோளில் போட்டுக் கொண்டுபோய் அவள் காரில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வள்ளியம்மா உதட்டை அசைப்பது தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. காதைத் தொட்டேன். மொட்டு இல்லை.

கடையைக் கவிழ்க்காத குறைதான். பூ வாளி, வாழைநார்க் கட்டு, கல்லாவுக்கு அடியில், குப்பைக் கூடை, எல்லாம் பார்த்தாயிற்று. யுகேந்திரனுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, நான் போட்டுக் குடுத்த ஆப்பைத் திறங்க. அந்த மொட்டு விடற சிக்னலை போன் பிடிக்கும். நம்பர் வரும் பாருங்க. மைனஸ் தொண்ணூறுன்னா தூரம், மைனஸ் நாப்பதுன்னா கைக்கெட்டற இடம்."

"இப்ப ஒண்ணுமே வரலையேப்பா."

"அப்ப கடையில இல்ல. பத்து மீட்டர் தாண்டினா பிடிக்கறது கஷ்டம்லா. பேட்டரி எவ்வளவு இருக்கும்?"

"காலையில இருந்து காதுல இருந்துச்சு."

"அப்ப மத்தியானம் வரைக்கும்தான் தாங்கும். சீக்கிரம் தேடுங்க."

யோசித்தேன். காலையிலிருந்து கடையை விட்டுப் போனவை இரண்டே மாலைகள். ஒன்று, வாடிக்கைக்காரர் பிரவினின் புது லோரிக்கு. அதைக் கட்டிக் கொடுத்த பிறகும் வள்ளியம்மா பேசியது கேட்டது, அதனால் அது இல்லை. மற்றது சிந்துஜாவுக்காக நான் தோளில் சுமந்த சம்பங்கி மாலை. அதைத் தூக்கும்போது என் வலது காது அதற்குள்தான் கிடந்தது.

பிரேதத்தை ஒரு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குப் பிறகு நெருப்பு.

இதில் ஒரு சிக்கல். என் கடையில் ஒரு போர்டு தொங்குகிறது: விற்ற பூ திரும்ப எடுக்கப்படாது. நானே எழுதியது. யார் கெஞ்சினாலும் அந்தப் போர்டைக் காட்டுவேன். இப்போது என் சொந்தப் பூவைத் திரும்பக் கேட்டுப் போக வேண்டும், அதுவும் பிணத்தின் கழுத்திலிருந்து. சும்மா போய் நிற்க முடியாது என்று, சாயங்கால வரவேற்பு ஒன்றுக்குக் கட்டி வைத்திருந்த பெரிய ரோஜா மாலையைத் தோளில் போட்டுக்கொண்டேன். வள்ளியம்மா போனை எடுத்துக்கொண்டாள். நாலு தெரு தள்ளி ஐயாவின் வீடு.

வாசலில்தான் தெரிந்தது, என் கண்ணாடி கடையிலேயே கிடக்கிறது. போனில் தெரியும் நம்பர் எனக்குக் கொசு. அவளுக்குத் தெரிகிறது, ஆனால் சொல்லக் குரல் இல்லை, சொன்னாலும் கேட்க எனக்குக் காது இல்லை.

என் அப்பா கிள்ளானில் ஆட்டுத் தரகர். தோள் துண்டுக்குள் கை விட்டு, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. வள்ளியம்மாவிடம் கையை நீட்டினேன். புரிந்துகொண்டாள். முந்தானைக்கு அடியில் என் கையைப் பிடித்தாள். பத்துக்கு ஒரு அழுத்து.

கேட்டில் ஒன்பது அழுத்து. சிக்னல் இருக்கிறது.

முதலில் வெளியே நின்ற சிந்துஜாவின் கார். சீட்டில் விழுந்திருக்கலாம் அல்லவா? சுற்றி வந்தோம். எட்டு, எட்டு, திரும்ப ஒன்பது. கார் இல்லை. வீட்டுக்குள் நுழைந்தோம். ஏழு. கூட்டம் நடுவில் வந்ததும் எட்டாக ஏறியது. மனித உடம்பும் சிக்னலை மறைக்குமாம், பிறகு யுகேந்திரன் சொன்னான். அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இது எங்கள் கடைப் பேரம்தான். தொண்ணூறில் ஆரம்பிக்கிறான், கொஞ்சம் இறங்குகிறான், முறைத்துக்கொண்டு ஏறுகிறான். விடாமல் நின்றால் நாற்பதில் படியும்.

மூலையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எங்களைப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். இந்த வயதில் கையைக் கோத்துக்கொண்டு வருகிறார்களே என்று நினைத்திருப்பார்கள். வள்ளியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நம்பரைப் பார்க்கத்தான்.

ஹால் நடுவில் சவப்பெட்டி. யாரோ தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். கால்மாட்டில் ஆறு. இடுப்பருகே ஐந்து. நெஞ்சுக்கு நேராக நான்கு அழுத்து, அதற்கு மேல் இல்லை.

யோகநாதன் ஐயாவின் மேல் என் சம்பங்கி மாலைதான் மேலாகக் கிடந்தது. ஆயிரம் வெள்ளை மொட்டுகள். அதில் எது பூ, எது அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரிங்கிட் என்று கண்ணாடி இல்லாமல் எனக்கு எப்படித் தெரியும்? வள்ளியம்மாவைப் பார்த்தேன். அவளும் உதட்டைப் பிதுக்கினாள்.

சிந்துஜா பக்கத்தில் வந்தாள். "என்ன அங்கிள், இன்னொரு மாலையா?"

"காலையில கட்டினது கொஞ்சம் வாடின மாதிரி தெரியுதும்மா. மனசு கேக்கல. இதைப் போட்டுட்டு அதை எடுத்துக்கிறேன். காசு வேணாம்."

அவள் மாலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வாடலையே. நீங்க காசு வேணாம்னு சொல்ற ஆள் இல்லையே."

அப்பாவின் மகள். அப்போதுதான் வள்ளியம்மா என் கையை விட்டாள். சிந்துஜாவின் தோளைப் பிடித்து, காதருகே வாயை வைத்து ஏதோ சொன்னாள். ஒரு வாக்கியம் இல்லை, நிறைய. நடுவில் ஒருமுறை என்னைக் காட்டினாள். சிந்துஜா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. நான் இரண்டடி தள்ளி நின்று தேவாரத்தை மட்டும் கேட்டேன்.

"அதுலதான் இருக்குன்னு எப்படித் தெரியும் அங்கிள்?" என்றாள் கடைசியில். குரல் தடுமாறினாலும் கேள்வி தடுமாறவில்லை. "ஏழு முழப் பூவைக் கொண்டு வந்து எட்டு முழம்னு காட்டறவர் நீங்கன்னு அப்பா சொல்வார்."

வள்ளியம்மா போனில் ஒரு பட்டனைக் காட்டினாள். ஹெட்போனையே சத்தம் போட வைக்கும் பட்டன். அதைத் தொடக் கூடாது என்று வழியெல்லாம் என்னை நானே அடக்கிக்கொண்டு வந்தேன். பிரேதத்தின் நெஞ்சு கீச்சிட்டால் கூட்டம் என்ன ஆகும்?

வெளியே பறையடிப்பவர்கள் ஆரம்பித்தார்கள். சிந்துஜா அதற்காகவே காத்திருந்தவள் போலத் தலையசைத்தாள். வள்ளியம்மா பட்டனைத் தொட்டாள்.

பறையைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சிந்துஜா பெட்டிக்கு மேல் குனிந்திருந்தாள். அவள் உதட்டோரம் மேலே போவதைப் பார்த்தேன். அதுவரை அந்த வீட்டில் அன்று யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். நிமிர்ந்து என் வலது காதருகே வந்தாள்.

"சரி அங்கிள், எடுத்துக்கலாம். ஆனா உங்க போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"அது... விற்ற பூ..."

"திரும்ப எடுக்கப்படாது. அப்ப இது ஸ்பெஷல் கேஸ்லா. அப்பா விலையைப் போடுங்க."

"நூத்தம்பதா?"

"நூத்தம்பது. முப்பது திருப்பிக் குடுங்க. ரோஜா மாலை நீங்க வாயால சொன்னது, அதுக்குக் காசு இல்ல."

நான் பெட்டிக்குள் பார்த்தேன். வாயை இறுக்க மூடிக்கொண்டு, ஜெயித்தவர் மாதிரிதான் படுத்திருந்தார். தலையாட்டினேன்.

அவளே சம்பங்கி மாலையைக் கழற்றினாள். ரோஜா மாலையைப் போட்டாள். பிறகு சம்பங்கியை விரலால் தடவிக்கொண்டே வந்து, அவர் நெஞ்சில் கிடந்த இடத்தில் விரலை நிறுத்தினாள். மொட்டுகளுக்கு நடுவில் ஒரு மொட்டு மட்டும் வாசனை இல்லாமல் இருந்தது. அதை என் கையில் கொடுத்துவிட்டு, மாலையை அவர் காலடியிலேயே திரும்ப வைத்தாள்.

வாசல் தாண்டியதும் காதில் மாட்டப் போனேன். வள்ளியம்மா கையைத் தட்டிவிட்டாள். தீட்டு. நாங்கள் குளிக்கலாம். இதை எப்படிக் குளிப்பாட்டுவது? மஞ்சள் தண்ணீர் தெளித்தால் வாரண்டி போய்விடும். அவளே முந்தானையால் துடைத்து, ஊதி, என் காதில் வைத்தாள். பேட்டரி இன்னும் உயிரோடு இருந்தது.

"செருப்பை மாத்திப் போட்டுட்டு வந்திருக்கீங்க," என்றாள்.

குனிந்து பார்த்தேன். உண்மைதான். திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.

"அந்தப் பொண்ணு காதுல என்னா சொன்ன?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

"இவ்வளவு நேரம் பேசினியே. என்னைப் பத்தித்தானே?"

"கணக்குல எழுதிக்கோங்க," என்றாள்.

எழுதிக்கொண்டேன். சம்பங்கி மாலை, வரவு நூற்றைம்பது. ரோஜா மாலை, செலவு, விலை போடவில்லை. குளித்துவிட்டு வரும்வரை கடை மூடியது, செலவு. வலது மொட்டு, வரவு. வள்ளியம்மா சொன்னது, பாக்கி.