கிறீச்சிடாத ப்ரேக்

பல் டாக்டரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். அவள் ப்ரேக் பிடித்தால் எழும் கூச்சலில் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். அந்தக் கூச்சலை மனதார விரும்பியவர்கள் இரண்டே பேர். ஒருவன் அவள் கணவன். இன்னொருவர் அவளைப் பெற்ற தாய்.

காரணம் ஃப்ரீசரில் இருந்தது. மாமியாருக்குச் சர்க்கரை, மாப்பிள்ளைக்குச் சொத்தைப் பல். இருவரும் ஐஸ்கிரீம் பக்கமே போகக்கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் மாப்பிள்ளையோ, பட்டாணிப் பைக்கு அடியில் எப்போதும் ஒரு டப்பாவைப் பதுக்கி வைத்திருப்பான். மாலையானால் மாமியாரும் அவனும் ஆளுக்கொரு ஸ்பூனோடு எதிரெதிரே உட்காருவார்கள். 'கிறீச்' என்று கேட்டதும் டப்பா உள்ளே போகும், ஸ்பூன்கள் அலசப்படும், மாமியார் சோபாவில் சாய்ந்து குறட்டை விடத் தொடங்குவார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் டாக்டர் ஒரு நாள் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"இந்த ப்ரேக்கை மாத்தியே ஆகணும். ப்ரேக் கட்டை மாத்திப் பார்த்தாச்சு. சக்கரத்தைப் பிடிக்கிற கை ரெண்டும் லொடலொடன்னு ஆடுது. இனி புதுசுதான்."

மாமியார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "உனக்கு எதுக்கு அலைச்சல்? நானே பார்த்து வாங்கிட்டு வர்றேன்."

தப்பானதை வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல. சரியானது எதுவென்று தெரிந்தால்தானே அதைத் தவிர்க்க முடியும்? அவள் குளிக்கப் போன நேரத்தில் அவன் ஸ்கேலை எடுத்துக்கொண்டு சைக்கிள் முன்னால் மண்டியிட்டான். சக்கரத்தை இடுக்கி மாதிரி இருபுறமும் கவ்வுகிற காலிப்பர் ப்ரேக் அது. அதன் போல்ட் நுழையும் துளையிலிருந்து, கட்டை போய்ப் பிடிக்க வேண்டிய ரிம் வரை அளந்தான். ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர். பழைய ரேஸ் சைக்கிள் ஆயிற்றே, இடைவெளி தாராளமாகவே இருந்தது.

கடைக்குப் போய், "நாப்பத்தஞ்சுக்கு மேல எட்டாத மாதிரி ஒண்ணு கொடுங்க" என்றான். கடைக்காரம்மா பளபளவென்று ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் மாட்டிப் பார்த்தபோது கட்டை ரிம்மை விட்டுவிட்டு டயரைக் கடித்தது.

"அடடா, பழைய வண்டி பாரு!" என்று உச்சுக் கொட்டினான்.

அடுத்த தடவை கையின் நீளம் கச்சிதம். ஆனால் போல்ட் குட்டை. புது வண்டிகளில் நட்டு துளைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும், அதற்குச் செய்தது அது. இந்த வண்டியிலோ போல்ட் மறுபக்கம் வெளியே வந்தால்தான் நட்டு மாட்ட முடியும். அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்களுக்குன்னு எப்படிங்க இப்படி வாய்க்குது?" என்றாள் டாக்டர். அவன் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டான். மாமியார் இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார்.

பிறகு ஒரு மழை நாளில் அவள் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். ப்ரேக் கத்தியதே தவிர வண்டி நிற்கவில்லையாம், வேலியில் போய்ச் சாய்ந்திருக்கிறாள். காயத்துக்கு மருந்து போடும்போது அவனுக்கு ஐஸ்கிரீமே வெறுத்துப்போனது. இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மறுநாள் மாலை நேராகக் கடைக்குப் போனான். "ஐம்பத்திரண்டு. நீள போல்ட். நட்டு வெளியில வர்றது."

கடைக்காரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அதை மத்தியானமே ஒருத்தங்க வாங்கிட்டுப் போயிட்டாங்களே" என்று சொல்லிவிட்டு எதற்கோ சிரித்தார்.

வெறுங்கையோடு திரும்பினால், மாமியார் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இன்னைக்கு வேண்டாம் அத்தை, மனசு சரியில்ல."

"அப்போதான் சாப்பிடணும் மாப்பிள்ளை. உட்காருங்க. வண்டிச் சத்தம் வந்தா மூடிக்கலாம்."

மனசு சரியில்லாதவன் மூன்றாவது ஸ்பூனை வாயில் வைத்தபோது, கதவு நிலையில் சாய்ந்தபடி டாக்டர் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ!

"சத்தமே வரலையேடி!" என்றார் மாமியார், நிஜமான வருத்தத்தோடு.

"வராதும்மா. கிளினிக்லயே வச்சு மாட்டிட்டேன்." அவள் கணவனிடம் திரும்பினாள். "கடைக்காரம்மா சொன்னாங்க, உங்க வீட்டுக்காரர் மாதிரி அளவெடுத்துத் தப்பா வாங்குற ஆளை நான் பார்த்ததே இல்லைன்னு."

மாமியார் ஸ்பூனை நக்கிவிட்டுக் கீழே வைத்தார். "நான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் வேண்டாம் மாப்பிள்ளைன்னு. கேட்டாத்தானே!"

"அத்தை!"

"நீ நாளைக்கு லேபுக்குப் போய் ரத்தம் கொடுக்கிறே" என்றாள் டாக்டர் தாயிடம். "நீங்க வாயைத் திறங்க." செல்போன் வெளிச்சத்தில் பார்த்தவள் பெருமூச்சு விட்டாள்.

மறுநாள் காலை அவன் கிளினிக் நாற்காலியில் மல்லாந்து கிடந்தான். வாயில் பஞ்சும் குழாயும். டாக்டர் வேலை செய்துகொண்டே முழுக் கதையையும் நர்ஸிடம் சுவாரஸ்யமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வாரத்துக்கு நாலு டப்பா காலி பண்ணியிருக்காங்க, தெரியுமா?"

பிழை திருத்துகிறவனால் அதைச் சும்மா விட முடியவில்லை. வாரத்துக்கு ஒன்றுதான் என்று காட்ட ஒற்றை விரலை உயர்த்தினான்.

"ஐயோ, தினம் ஒண்ணா?" என்றாள் நர்ஸ்.