நாலு வரி ஜன்னல்

தேர்தல் தேதி அறிவித்த ஒன்பதாம் நாள், காலை பதினொன்றரைக்கு, அரசு மருத்துவமனை கண்ணுக்குத் தெரியாமல் போனது. கட்டடம் இருந்த இடத்தில்தான் இருந்தது. சுவரில் மோதி இரண்டு பேருக்கு மூக்கு உடைந்தது. கட்டுப்போட உள்ளேயிருந்தே ஆட்கள் வந்தார்கள். அதற்கு முன்பே பஸ் நிலையக் கழிப்பறையும் கிழக்குப் பாலமும் மறைந்திருந்தன. தேர்தல் காலத்தில் நகரின் ஒரே நாளிதழ் எதை எழுதாமல் விடுகிறதோ அது மறையும் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. யாரும் பெரிதுபடுத்தவில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்தது: மேடையில் இரண்டு வேட்பாளர்களில் யார் யாரை முதலில் முறைத்தது? ஒரு வாரமாக முதல் பக்கம் முழுக்க அதுதான். சலூனில் மாமனும் மச்சானும் இதற்காகவே பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார்கள்.

நாளிதழில் பக்கம் அமைப்பவர் அன்று வீடு திரும்பியபோது, பிரசவ வார்டு நர்ஸான அவர் மனைவி அடுப்பருகே நின்றிருந்தாள். கரண்டி தானாகச் சுற்றியது. முழங்கைக்குக் கீழே கையைக் காணோம்.

"என்னடி இது?"

"கை இருக்குங்க, உங்க பேப்பருக்குத்தான் தெரியல. அறுபது பேருக்கு ஒரே டாக்டர்னு எத்தனை தடவை சொன்னேன்? அடுத்து முகமும் போயிடும். அப்புறம் யார்கூட சண்டை போடுவீங்க?"

மறுநாள் நாளிதழ் ஆசிரியரிடம், ஆஸ்பத்திரிச் செய்தி போடலாமா என்று கேட்டார். 'கொட்டை எழுத்து' என்று ஊரே அழைக்கும் அந்த மனிதர் நிமிரக்கூட இல்லை. "ஆஸ்பத்திரியை எவன்யா படிப்பான்? முறைக்கிற போட்டோ கிடைச்சிருக்கு, பெருசா போடு."

பெரிதாகத்தான் போட்டார். ஆனால் பத்தி குறைந்தால் துண்டுச் செய்தி வைத்து இடத்தை அடைப்பது அவர் பொறுப்பு. அதை ஆசிரியர் ஒருநாளும் படித்ததில்லை. முறைப்பில் நாலு வரியை வெட்டினார். அந்தப் பள்ளத்தில் பிரசவ வார்டை இறக்கினார்: அறுபது பேர், ஒரு டாக்டர், வேட்பாளர்கள் என்ன சொல்கிறார்கள்?

விடிந்ததும் மருத்துவமனை மறைந்த வெட்டவெளியில் ஒரு ஜன்னல் தெரிந்தது, நாலு வரி அளவுக்கு. அதில் ஒரு கை அசைந்தது. மாலைக் கூட்டத்தில் ஒரு வேட்பாளர் முறைப்பைப் பற்றிப் பேசத் தொண்டையைக் கனைக்க, நிறைமாதப் பெண் ஒருத்தி எழுந்தாள். "அது கெடக்கட்டும்ண்ணே. இன்னொரு டாக்டர் எப்ப வருவார்?" கூட்டமே திரும்பிப் பார்த்தது. அவர் பதில் சொல்ல, மற்றவர் அதை மறுக்க, கொட்டை எழுத்தாருக்கு அதை முதல் பக்கத்தில் போடுவதைத் தவிர வழியில்லை. மறுநாள் மருத்துவமனை முழுசாகத் தெரிந்தது. வாரக் கடைசியில் பாலம். தேர்தல் முடிந்து மூன்றாம் மாதம் இரண்டாவது டாக்டர் வந்தார்.

அதன்பின் எந்தத் தேர்தல் வந்தாலும் மக்கள் காலையில் தெருவைத் தடவிப் பார்த்து, எது மங்குகிறதோ அதை நாளிதழுக்குப் போன் செய்து சொல்கிறார்கள். நர்ஸின் சுண்டுவிரலும் அப்போது லேசாக மங்கும். கணவர் அதைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு எந்த நாலு வரியை வெட்டலாம் என்று யோசித்தபடி செருப்பை மாட்டிக்கொள்வார்.